தகடு முடியிற இடம்

…இரும்பு முறியமுன்னம் ஒருக்காச் சத்தம் போடும், ரெண்டாந்தரம்… ரெண்டாந்தரம் என்னவோ செய்யும் எண்டு எங்கட பெரியையா சொல்லுவார் தம்பி. மிச்சம் வரேல்லை. அவர் சாவகச்சேரியில லொறி வைச்சிருந்தவர். அவர் கதைக்கேக்க நான் எங்கையோ பராக்குப் பாத்துக்கொண்டு நிண்டிருப்பன். ஆனா முதல் சத்தம் எனக்குக் கேட்டது. கொலோன் தாண்டி ஒரு பாலம் வருமெல்லோ, பாலமும் றோட்டும் பொருந்துற இடத்தில ஒரு சின்னத் துள்ளல். டக்கெண்டு ஒரு சத்தம். கண்ணாடியில பாக்கிறன், காருக்குப் பின்னால கொழுவி இழுக்கிற வண்டி ஒரு பக்கம் தோளைத் தொங்கப்போட்டமாதிரி வருது. உருட்டி உருட்டிக் கொண்டுவந்து இந்தத் தரிப்பிடத்தில விட்டனான்.

உங்கட கார் யன்னலால தமிழ்ப் பாட்டுக் கேட்டிருக்காட்டி உங்களை மறிச்சிருக்கமாட்டன். உதய் எண்டுதானே சொன்னனீங்கள்? நான் பரராசசிங்கம். பீலெஃபெல்ட். அங்க ஒரு குசினி அலுமாரி செய்யிற பக்டரியில நிக்கிறன். நீங்கள் ஸ்டுட்கார்ட்டோ? நம்பர் தகட்டில பாத்தனான். என்ன வேலை?

காரின்ர அதிர்வு பாக்கிறதோ! வில்லு, சொக் அப்சோர்பர், அந்தப் பகுதியோ! ஐயோ தம்பி, நான் இண்டைக்குக் காலமை கும்பிட்டது வீண்போகேல்லை. சிரிக்காதேங்கோ. நான் பகிடிக்குச் சொல்லேல்லை.

இல்லை இல்லை, அந்த றோட்டில திருத்த வாற மஞ்சள் வண்டிக்காரருக்குப் போன் அடிக்கவேண்டாம். அவை வந்தா ஏத்திக்கொண்டு போறதெண்டுதான் நிப்பினம். பேந்து பொலிசும் வரும். எனக்கு நாளைக்குக் காலமை பரிசில மகளின்ர கலியாணம். இந்த வோன்வாகன், நீங்கள் காரவன் எண்டுவியள், இது அங்க போய்ச் சேரவேணும். சேராட்டி நான் செய்த ஒண்டுக்கும் அர்த்தமில்லை. நீங்கள் அடியில ஒருக்காப் பாத்து, பரிஸ் மட்டும் தாங்குமோ எண்டு சொன்னாக் காணும். வேற ஒண்டும் கேக்கேல்லை.

இந்தாங்கோ, இந்த மட்டையைப் போட்டுப் படுங்கோ, சேட்டு ஊத்தையாகும். ஜாக்கி போடத்தான் வேணுமோ? சரி. அப்ப ஆறுதலா. இன்னும் ஆறுதலா, தம்பி, குறை நினையாதேங்கோ, ஒரு சுத்துச் சுத்திப்போட்டுக் கொஞ்சம் பொறுத்து மற்றச் சுத்து. பெரிய பாரம் ஒண்டும் உள்ள இல்லை. உடையிற சாமான். கண்ணாடி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்.

காரில இருந்து கழட்டவேண்டாம். கழட்டினா முன்பக்கம் தாழும். அது தாழக்கூடாது.

பாத்தியளோ? அந்த அச்சு நான் போட்டது. பழைய அச்சுக்குள்ள ரப்பர் இறுகிக் கல்லாப்போய்க் கிடந்தது. இந்த வண்டியளுக்கு வில்லில்லையே, சதுரக் குழாய்க்குள்ள ரப்பரை அடைச்சு வைச்சிருக்கிறாங்கள், அதுதான் துள்ளல் வாங்குறது. உங்களுக்குத் தெரியும், உங்களுக்கே படிப்பிக்கிறன். சொக் அப்சோர்பர் ரெண்டும் நான் பூட்டினது. முந்தி அதுகும் இல்லை. ஒரு வயதுபோன ஜேர்மன்காரனிட்டை வாங்கினது, அவன் வருஷத்துக்கு ஒருக்காக் கடற்கரைக்குக் கொண்டுபோய் விட்டிட்டு வாறவன். அவனுக்கு அது காணும்.

கட்டில் பின்னுக்குத்தான் இருந்தது. நான் அதைக் கழட்டி அச்சுக்குக் கொஞ்சம் முன்னால வைச்சிட்டன். ஓமோ? அதுதான் சரியான இடமோ? அப்பாடா. ஒருத்தரும் சொல்லித்தரேல்லை. வீட்டில இருந்த அரிசி மூட்டையளைப் பின்கட்டிலில வளத்திக் கட்டி, பக்கத்து வீட்டு இரத்தினம் அண்ணை கார் ஓட, நான் உள்ள பக்கத்தில படுத்துப் பாத்தனான். ஓம், ஓடேக்க உள்ள ஆக்கள் இருக்கேலாது எண்டு தெரியும். சும்மா எங்கட தெருவிலதான். பின்னுக்கு மூட்டை கூத்தாடுது. நடுவுக்குக் கொண்டுவர, ஒரு மாதிரி அசைஞ்சு அசைஞ்சு கிடந்தது. தலைப்பக்கத்துக்குத் தலகாணியும் வைச்சனான். அரிசிக்கு ஏன் தலகாணி எண்டு இரத்தினம் அண்ணையும் கேட்டவர்.

கட்டில் மனிசிக்குத்தான். கமலநாயகி. அவவுக்கு வருத்தம், தம்பி. புற்றுநோய். நெஞ்சில வந்தது, இப்ப முள்ளந்தண்டுக்குப் போயிட்டுது. நேர நிமிந்து இருக்கேலாது, படுத்தாலும் நாலைஞ்சு தலகாணி முட்டுக் குடுக்கவேணும். அங்க போய்ப் படுக்கிறதுக்கெண்டுதான் கட்டில். ஓம், அங்க போய்த்தான்.

அவ எப்பிடி வாறாவோ? அவ… வந்துகொண்டுதான் இருக்கிறா.

கலியாணத்தை பீலெஃபெல்டில வைக்கலாம்தானே எண்டு நீங்களும் கேக்கிறியள். எல்லாரும் கேட்டாச்சு. மாப்பிள்ளையின்ர தாய் தேப்பனுக்கு இன்னும் பிரான்சில தஞ்சக் கேஸ் முடியேல்லை. எல்லை தாண்டி ஒரு அடி வைச்சா வழக்குப் போயிடும். அவையும் பெத்ததுகள்தானே. ஒரு பக்கத்துத் தாய் வரேலாது, மற்றப் பக்கத்துத் தாய் போகேலாது. தள்ளிப்போடுவம் எண்டு மகள் தக்சாயினி அழுதாள். தள்ளிப்போடுறதுக்குத் தாயிட்டை நாள் இல்லை எண்டு டொக்டர் அவளுக்குச் சொல்லேல்லை, எனக்குத்தான் சொன்னவர்.

காப்புறுதிக்காரரிட்டையும் கேட்டனான். படுக்கையோட கொண்டுபோற வாகனத்துக்கு அன்ராக், விண்ணப்பம்தான், எழுதிப் போட்டன். வைத்தியத்துக்குப் போறதெண்டாத் தருவினமாம். கலியாணம் வருத்தமில்லையாம். நான் சொன்னன், எங்கட ஆக்களிட்டைக் கேட்டுப் பாருங்கோ, அதைவிட வருத்தம் வேறயில்லை எண்டு. அந்தப் பெட்டை சிரிக்கவுமில்லை.

உங்கட இந்தியாப் பக்கத்திலயும் தாரை வார்க்கிறது இருக்குத்தானே? எங்கடையில, நான் பெட்டையின்ர கையைப் பிடிச்சு அவனின்ர கையில வைக்க, தாய் செம்பால தண்ணி வார்க்கவேணும். நாங்கள் ரெண்டுபேரும் ஏலாட்டி வேற ஒரு புருஷன் பெஞ்சாதி நிக்கலாம். என்ர அண்ணை பரிசிலதான். அண்ணியும் நிக்கிறா. செய்யலாம், பிழையில்லை. ஆனா கமலா ஒண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தவ, ஆஸ்பத்திரியில சுவரைப் பாத்தபடி. டொக்டர் வந்து, ஒரு துள்ளல் காணும் அம்மா, எலும்பு நொருங்கினா ரெண்டு காலும் போயிடும் எண்டு சொல்லுறார், நான் மொழிபெயர்க்கிறன். அவ சொல்லுறா, தண்ணி வார்க்கக் கைதானே வேணும், கால் என்னத்துக்கு எண்டு. அதை நான் டொக்டருக்கு மொழிபெயர்க்கேல்லை.

அண்டைக்குப் பின்னேரம்தான் இந்த வண்டியைப் பாக்கப் போனனான்.

என்ன, வண்டிச் சட்டத்தில வெடிப்போ? எங்க? லைற்றைப் பிடியுங்கோ. குனிஞ்சா இடுப்புப் பிடிக்குது, பொறுங்கோ. ஓம்… ஓம், தெரியுது. மயிர்போல ஒரு கோடு.

மயிர்போல இல்லையோ. மேல் விளிம்பு மட்டும் போகுதோ. விரல் நகம் இறங்குது. சரி, சரி, நகத்தை எடுங்கோ, பெருப்பிக்கப்போறியள்.

ஓம், அந்தத் தகடு நாங்கள் வெல்டிங் வைச்சு ஒட்டினது. இரத்தினம் அண்ணை நல்ல ஒட்டுக்காரன், அவரில பிழையில்லை. சட்டத்தைப் பாத்தா விசுக்கோத்துப் பெட்டித் தகரம்போல, அதுக்குள்ளயும் வட்டம் வட்டமா ஓட்டை வெட்டி வைச்சிருக்கிறாங்கள். உதில ஆரை நம்பி ஏத்துறது? எங்கட லொறியளுக்குச் சட்டத்தில தகடு அடிச்சு, தகட்டுக்கு மேல தகடு அடிச்சுத்தான் ஓடுவம். பொருளாதாரத் தடை நேரம் ஒரு லொறியில மூண்டு லொறிச் சாமான் ஏத்துவம், உடையாது. அதைத்தான் இதுக்கும் செய்தனான். அச்சு மாட்டிற இடத்தில ரெண்டு பக்கமும் நல்ல தடிச்ச தகடு. பேந்து பயத்தில இன்னொண்டு.

அதுதான் பிழையோ?

விளங்கேல்லை, தமிழில சொல்லுங்கோ. உங்கட இங்கிலீசு எனக்கு ஓடாது, என்ர ஜேர்மன் உங்களுக்கு ஓடாது. ஓம்… சட்டம் வளையத்தான் செய்தது. வளைஞ்சு வளைஞ்சு துள்ளலை வாங்குறது. நான் தகடு போட்ட துண்டு வளையாது. அப்ப வளையவேண்டியதெல்லாம் தகடு முடியிற இடத்தில வந்து சேருது. தகட்டில ஒண்டுமில்லை, தகட்டுக்குப் பக்கத்தில முறியுது.

போடாமல் விட்டிருந்தாப் போயிருக்குமோ? இல்லை, சொல்லவேண்டாம். அதைச் சொல்லாதேங்கோ.

சரி, இப்ப என்ன செய்வம்? லொறிக்காரர் சாமான் இறுக்கிற பட்டி என்னட்டை இருக்கு. அடியால சுத்தி இறுக்கினா? ஒரு கட்டையைச் சட்டத்தோட வைச்சுக் கட்டினா? மெல்லப் போறன், தம்பி. சின்ன றோட்டால போறன், பெல்ஜியத்துக்குள்ளால ஊர்ஊராப் போறன். விடியவிடியப் போனாலும் முகூர்த்தத்துக்குப் போயிடுவன். அம்பதில போறன். நாப்பதில போறன். நீங்கள் இந்த வேலைதானே செய்யிறியள், ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்கோவன். எவ்வளவு தூரம் தாங்கும்?

பத்துக் கிலோமீற்றரும் இருக்கலாம், இந்தத் தரிப்பிடத்து வாசலும் இருக்கலாமோ. உங்கட தொழிலில அப்பிடி மறுமொழி சொல்லலாமோ? கோபமில்லை. கோபமில்லை, தம்பி. நீங்கள் பொய் சொல்லுவியள் எண்டு நினைச்சு நிண்டிட்டன். ஆராவது ஒராள் ஓம் எண்டு சொல்லவேணும் எண்டு இருந்தது. நீங்கள் படிச்ச ஆள், நீங்கள் ஓம் எண்டாப் போயிருப்பன்.

உடைஞ்சா எப்பிடி உடையும்? சும்மா கேக்கிறன். அச்சு பின்னுக்கு இழுபட, தரை விரியுமோ. கட்டிலுக்கு நேர கீழயோ.

ம்.

சாமானைக் காருக்கு மாத்தலாம்தான், நல்ல யோசினை. ஆனா காருக்குள்ள வளத்தேலாது. கதவைத் திறக்கவேண்டாம், தம்பி! கையை எடுங்கோ. குறை நினையாதேங்கோ, கத்திப்போட்டன். காத்து உள்ள போகும். குளிர்.

அது… அது என்ர சட்டைப்பைக்குள்ள இருந்து வாற சத்தம். சின்னப் பிள்ளையளின்ர தொட்டிலுக்குப் பக்கத்தில வைப்பினமே, அந்தக் கருவி. ஒரு பாதி உள்ள இருக்கு, ஒரு பாதி என்னட்டை. காருக்கும் வண்டிக்கும் இடையில வேற வழியில்லை, அவ கூப்பிட்டா எனக்குக் கேக்காது.

ஓம், கமலாதான். காலமை ஆஸ்பத்திரியில, வீட்டை ஒரு நாள் கொண்டுபோய் வைச்சிருக்கிறன் எண்டு கையெழுத்துப் போட்டுத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். நானும் இரத்தினம் அண்ணையும் போர்வையோட தூக்கி உள்ள வளத்தினம். மருந்து ஏறிக்கொண்டு இருக்கு. நீங்கள் ஜாக்கி சுத்தேக்க அவ அதுக்குள்ளதான் கிடந்தவ. உங்களை வெருட்டவேண்டாம் எண்டு சொல்லேல்லை.

பொறுங்கோ, என்னவோ சொல்லுறா.

என்ன கமலா? ஆரோட கதைக்கிறியள் எண்டு கேக்கிறா, தம்பி. இந்தக் கருவியால நான் சொல்லுறது அங்க போகாது, அவ சொல்லுறதுதான் இஞ்சால வரும். பிரான்ஸ் வந்திட்டுதோ எண்டு கேக்கிறா. அந்தத் தம்பிக்குப் போத்தலில இருக்கிற தேத்தண்ணியை ஊத்திக் குடுங்கோவாம். சுவர் மட்டைதானே, நாங்கள் கதைச்சதெல்லாம் கேட்டிருக்கும்போல. சட்டம் வெடிச்சதும் கேட்டிருக்கும். கேட்டிட்டும் பிரான்ஸ் வந்திட்டுதோ எண்டு கேக்கிறா, பாத்தியளோ.

காலமை தூக்கேக்க நொந்த கால் இப்ப நோகேல்லையாம். அதையும் சொல்லுறா.

எங்க உங்கட போன்? என்ரையில காசில்லை. அதைத் தாங்கோ. அம்புலன்சுக்கு அடிக்கிறன். பேந்து பரிசுக்கு அடிச்சு, அண்ணையையும் அண்ணியையும் தாரை வார்க்கச் சொல்லுறன்.