ஹரிதாசுக்கு நான் கொடுத்த கடைசிப் பந்து

இந்தக் கடையில் தே தாரேக் டீயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுவார்கள். குறைத்துப் போடும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள். பத்திரிகைக்காரர் நீங்கள், நாளுக்குப் பத்துக் கடையில் உட்கார வேண்டியவர். ஆட்டத்தை விட்ட பிறகு நானும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டேன்.

ஹரிதாசைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னீர்கள். நல்ல காரியம். மேல் டிவிஷனில் ஆடுகிறவன் தும்மினாலும் படம் போடுகிறார்கள். கீழ் டிவிஷனில் சேற்றில் புரண்டு கோல் அடித்தவனை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? எழுதுங்கள். ஒரே ஒரு திருத்தம். ‘துரதிர்ஷ்டவசமாகக் கால் முறிந்தது’ என்று மட்டும் போட வேண்டாம். அதில் துரதிர்ஷ்டம் ஒன்றும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அடுத்தடுத்த லயத்து வீடுகள். நான் அவனைவிட மூத்தவன். என்னை ‘பாலாண்ணே’ என்றுதான் கூப்பிடுவான். தோட்டத்துத் திடலில் ஆடும்போதே அவனிடம் ஒரு குறை உண்டு. தடுக்க வருகிற ஆளைப் பார்க்கவே மாட்டான். பந்தை மட்டும்தான் பார்ப்பான். அப்படி ஆடுகிறவனுக்குக் கால் நிலைக்காது. அதனால் நான் அவனுக்குக் கண்ணாக இருந்தேன். இடம் பார்த்துப் பந்தைத் தள்ளிவிட்டு “ஓடு” என்று ஒரு குரல் கொடுப்பேன். நான் “ஓடு” என்றால் அங்கே ஆபத்து இல்லை என்று அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டு ஓடுவான்.

தொண்ணூறில் மலாக்கா கிளப் ஒன்றிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முதலில் அவர்கள் கேட்டது என்னைத்தான். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவனும் வந்தால்தான் நானும் வருவேன் என்று சொல்லிவிட்டேன். என் அப்பா கூடப் பிழைக்கத் தெரியாதவன் என்று ஏசினார். கடைசியில் இருவரையும் எடுத்தார்கள். அன்று சாயங்காலம் ஹரிதாஸ் என்னைத் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனான். நான் கேட்கவில்லை, அவனாகவே சூடத்தைக் கொளுத்தி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான்.

“ஒங்கள விட்டுட்டு எந்த டீமுக்கும் போவ மாட்டேன்ண்ணே. இது முனி மேல சத்தியம்.”

சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் கைகால் விளங்காது. தோட்டத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. நான் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை.

மலாக்காவில் அவனுக்கு முதல் சீசன் முழுக்க பெஞ்சுதான். இறக்கிய ஆட்டங்களிலும் திறந்த கோலைத் தவறவிட்டான். திடலைச் சுற்றி நின்றவர்கள் ‘காயு, காயு’ என்று கத்தினார்கள். மரக்கட்டையாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதான். தோட்டத்துக்கே போய்விடுவதாகச் சொன்னான். நான்தான் பிடித்து நிறுத்தினேன். ஆறுதலாகப் பேசி, பயிற்சி முடிந்த பிறகும் அவனோடு நின்று பந்து கொடுத்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது சீசனில் அவனுக்குக் கால் பேசத் தொடங்கியது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. அவன் அடித்த கோல்களில் பாதிக்கு மேல் என் காலிலிருந்து போனவை. பத்திரிகையில் அவன் பெயர் வந்தது. பந்து கொடுத்தவன் பெயரை எந்தப் பத்திரிகை போட்டது? உங்களைக் குறை சொல்லவில்லை. அது வழக்கம்.

நான்காவது சீசனின் கடைசியில், மலாக்காவில் பத்து பெரண்டாம் பகுதியில் அவன் அம்மாவோடு குடியிருந்த வீட்டு வாசலில் ஒரு வெளியூர்க் கார் நிற்பதைப் பார்த்தேன். உள்ளே இருந்தவர் மணியம். வடக்கே ஒரு மாநிலத்தின் மேல் டிவிஷன் குழுவுக்கு மேனேஜர். காற்பந்து ஆடுகிற யாருக்கும் அந்த முகம் தெரியும். மறுநாள் பயிற்சியில் ஹரிதாசிடம் யார் வந்தார்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

“சும்மா, சொந்தக்காரங்கண்ணே.”

“மணியம் ஒனக்கு என்னடா சொந்தம்?”

குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். கட்டியிருந்த கயிற்றையே அவிழ்த்து மறுபடி கட்டினான்.

“அதெல்லாம் ஒன்னுமில்லண்ணே. நீங்க சனிக்கெழம மட்டும் நல்லா ஆடுங்க. அது போதும்.”

நல்லா ஆடுங்க. எனக்கு, அவன் சொல்கிறான். உடை மாற்றும் அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. “ஹரி போறான்லா, ஒங்ககிட்ட சொல்லலியா?” என்று ஒருவன் என்னிடமே கேட்டான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள். நான் அந்த வார்த்தையைக் கூடப் பயன்படுத்தவில்லை. கோபப்படவும் இல்லை. எனக்கு வலித்தது, அவ்வளவுதான். நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்ததுபோல ஒரு வாரம் நடந்தேன்.

அந்த வாரம் நான் தனியாக நின்று ஒரு காரியம் பழகினேன். பந்தைச் சரியாகக் கொடுப்பது எளிது. சரியான அளவுக்குக் குறைத்துக் கொடுப்பதுதான் கடினம். ரொம்பக் குறைந்தால் ஓடுகிறவன் நின்றுவிடுவான். கொஞ்சமாகக் குறைந்தால் அவனே எடுத்துவிடுவான். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே பந்து போனால் ஓடுகிறவனும் தடுக்கிறவனும் ஒரே நேரத்தில் வந்து சேருவார்கள். கோச் என் உழைப்பைப் பார்த்து, மற்றவர்களிடம் என்னைக் காட்டிப் பாராட்டினார்.

சனிக்கிழமை வந்த எதிரணியில் ஒரு முரட்டு ஆள் பின்னால் நின்றான். காலைத் தூக்கிக்கொண்டே பாய்கிறவன், பூட்ஸ் அடியில் இரும்பு ஆணி. அவன்மேல் பழி போடாதீர்கள். அவன் தன் வேலையைச் செய்தான். முதல் பாதியில் நான் ஒழுங்காகத்தான் ஆடினேன். ஹரிதாஸ் இரண்டு கோல் அடித்தான், இரண்டும் நான் கொடுத்த பந்து. ஆளைக் கெடுக்கிற எண்ணம் இருந்தால் அப்படிக் கொடுத்திருப்பேனா? அவனுக்கு ஒரு நல்ல ஆட்டம் மிச்சமிருக்கட்டும் என்று நினைத்தேன்.

இரண்டாம் பாதியில் இடம் கிடைத்தது. ஹரிதாஸ் என்னைப் பார்த்தான். பழகியபடியே பந்தைத் தள்ளினேன். “ஓடு” என்றேன். ஓடினான். அந்த முரட்டு ஆள் வருவது திடலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது, அவனைத் தவிர. சத்தம் நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. லயத்தில் காய்ந்த விறகை முட்டியில் வைத்து ஒடிப்பார்கள், அந்த மாதிரி. முதலில் ஓடிப்போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டவன் நான்தான்.

முனி கேட்ட கணக்கை நான் காலில் வாங்கிக் கொடுத்தேன். அந்த அளவில் என் மனசு சுத்தமாக இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மணியம் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாலா இல்லாம கையெழுத்து போட மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னான் தம்பி. அதான் நேத்து வந்தேன். ஹரிய பாக்க இல்ல. ஒங்கள பாக்கத்தான்.”

பக்கத்துப் பெஞ்சில் அவன் அம்மா பெத்தம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

“நாந்தான்யா வாயத் தொறக்காதடான்னேன். கைகூடறதுக்கு முன்ன சொன்னா கண்ணு பட்டுரும்னேன். பாலாண்ணனுக்கு மட்டும் சொல்றேன்மான்னு துடிச்சான். யாருக்கும் வேணாம்னு தலையிலடிச்சு சத்தியம் வாங்கிட்டேன்யா.”

நம் ஆட்கள் வழக்கம் அதுதான். பெண் பார்த்தாலும் சொல்ல மாட்டார்கள், வேலை கிடைத்தாலும் சேரும்வரை மூச்சு விடமாட்டார்கள். அந்த அம்மாவுக்கு நான் ஆறுதல் சொன்னேன். உங்கள் மேல் தப்பில்லை என்றேன். மெய்யாகவே அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அடுத்த சீசன் மணியம் என்னை எடுத்துக்கொண்டார். போனேன். வடக்கே மூன்று வருடம் மேல் டிவிஷனில் ஆடினேன். முதல் ஆட்டத்தன்று காலையில் அங்கிருந்த முனீஸ்வரன் கோயிலில் தேங்காய் உடைத்தேன். பயமாக இல்லை. சத்தியம் செய்தவன் அவன். என் கை சூடத்தைத் தொடவில்லை.

ஹரிதாஸ் இப்போது இங்கே ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை பார்க்கிறான். நீங்களே பார்த்திருப்பீர்கள், இடது கால் மடங்காது. தீபாவளிக்கு மறக்காமல் போய்ப் பார்க்கிறேன். வாசலிலேயே “வாங்கண்ணே” என்பான். பழைய கதையைப் பேச மாட்டான்.

அந்தப் பந்தைப் பற்றி ஒரே ஒரு முறை பேச்சு வந்தது. கட்டிலில் கிடந்தபோது, கிளப்பிலிருந்து வந்தவர்கள் சுற்றி நின்றுகொண்டு, பாலா கொடுத்த பந்து எப்படிக் குறைந்தது என்று கேட்டார்கள். ஹரிதாஸ் என் முகத்தை நெடுநேரம் பார்த்தான். பிறகு அவர்களிடம் சொன்னான்.

“பாலாண்ணன் சரியாத்தான் கொடுத்தாரு. மழ பேஞ்ச திடல், ஈரத்துல பந்து நின்னுருச்சு.”

அந்த வாரம் முழுக்க மலாக்காவில் ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. அது அவனுக்கும் தெரியும். நீங்கள் எழுதும்போது இதை யோசித்துப் பாருங்கள். சொந்த அண்ணனாக நினைத்தவனிடம் முதலில் சொந்தக்காரர் வந்ததாகப் பொய் சொன்னான். கால் போன பிறகும், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு பொய் சொன்னான். அப்படிப்பட்டவனை ஒருவன் எப்படி நம்புவது?