பெருக்கமரத்தானின் முதல் தாள்

ஓநாய்களைப் பற்றி நான் வாசித்த அளவுக்கு மன்னார்த் தீவில் வேறு யாரும் வாசித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பௌர்ணமியில் ஓநாயாக மாறுகிறவன், இரத்தம் குடித்தே இருநூறு வருடம் இளமையாக இருக்கிறவன், பட்டணத்தில் கார் ஓட்டித் திரிகிற கந்தர்வன், எல்லோரையும் எனக்குத் தெரியும். எல்லோருமே கடைசியில் ஒரு சாதாரணப் பெண்ணைத்தான் காதலிப்பார்கள். நாற்பத்திரண்டு வயதுத் தையற்காரி, அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறவள், இப்படியான நாவல்களைப் போனில் வாசிக்கிறாள் என்று தெரிந்தால் பங்கு முழுக்கச் சிரிக்கும். அதனால் அது பிறின்சி ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

ஐயா, என் பெயரும் விலாசமும் முதல் வாக்குமூலத்தில் இருக்கின்றன. அன்று நான் பொய் எதுவும் சொல்லவில்லை. பிறின்சி பக்கத்து வீட்டுப் பிள்ளை, என்னிடம் தையல் பழகியவள், நல்ல பிள்ளை என்று சொன்னேன். சொல்லாமல் விட்டதை இப்போது எழுதித் தருகிறேன். பிறின்சிக்கு மாமியாராக வர இருந்த அருளம்மாவும், செபவீடு நடத்துகிற எமிலியானுசும் அவளுடைய சாவுக்காக மறியலில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் இந்தத் தாளை எடுத்தேன்.

பிறின்சிக்கு இருபத்து நான்கு வயது. தாய் இல்லை. தகப்பன் யாகப்பர் கடற்தொழில் செய்கிறவர். பதினான்கு வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. கிளினிக்கில் குளிசை கொடுத்தார்கள், காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. கடைசியாக வலிப்பு வந்தது ஏழு வருடத்துக்கு முன், என் தையல் அறையில். விழுந்தபோது சூடாக இருந்த ஸ்திரிக்கைப் பெட்டி தோளில் பட்டு, பிறை வடிவில் ஒரு தழும்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போவேன். குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது, திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வரும், ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காவிட்டால் உடனே கொண்டுவர வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை.

பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் குளிசை அட்டை பட்டால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று யாகப்பர் பயந்தார். "குளிசை உங்கட அலுமாரியிலயே இருக்கட்டும் ரீச்சர். நீங்கள் பாத்துக் குடுத்தால் எனக்குக் கடலில நிம்மதி," என்றார். அதனால் பிறின்சி காலையில் என் வீட்டுக்குத்தான் வருவாள். குளிசையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, கதிரையை மெசினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்குவாள். செவ்வாயும் வெள்ளியும் புது அத்தியாயம் வரும். அவள் வாசிக்க, நான் தைப்பேன். முத்தம் வருகிற இடங்களில் குரலைத் தணித்து வேகமாக வாசிப்பாள். நான் மெசினைக் கொஞ்சம் சத்தமாக மிதிப்பேன்.

"எங்கட மன்னாரில ஓநாய்க்கு எங்க போறது அக்கா? கழுதையா மாறுறவன்தான் எங்களுக்கு வாய்ப்பான்," என்றாள் ஒரு நாள். அன்றிலிருந்து பஸ் நிலையத்தில் நிற்கிற கழுதை ஒவ்வொன்றும் எங்களுக்கு மாப்பிள்ளைதான். கிளினிக்குக்குப் போகும்போது என் முழங்கையை இடித்து, "அந்த மாப்பிள்ளை உங்களைத்தான் பாக்கிறார்," என்பாள். நடுத்தெருவில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். என் வயதில் அப்படிச் சிரிக்க இன்னொருவர் வேண்டும் ஐயா. தனியாகச் சிரித்தால் பைத்தியம் என்பார்கள்.

பிறகு அவளே ஒரு நாவல் எழுதத் தொடங்கினாள். எங்கள் ஊரில் நிற்கிற அந்தப் பருத்த பழைய பெருக்கமரத்துக்குள் நானூறு வருடமாக இருக்கிற ஒருவன், பொழுதுபட்டதும் இளைஞனாக வெளியே வந்து தலைமன்னார் வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான். கதாநாயகிக்குத் தன் பெயரையே வைத்தாள். அவளுடைய தோளில் அவன் கடித்த பிறை அடையாளம் இருக்கும். ஸ்திரிக்கைப் பெட்டி சுட்டதை அவள் அப்படி மாற்றிக்கொண்டாள். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. நூற்றறுபது பக்கக் கொப்பி. முதல் தாளில் பெரிய எழுத்தில் 'பெருக்கமரத்தான், நாவல், எழுதியது பிறின்சி, திருத்தியது அக்கா' என்று எழுதியிருந்தாள். அதற்கு முன் யாரும் என் பெயரையோ உறவையோ எதிலும் சேர்த்து எழுதியதில்லை.

இந்த வருடம் பக்கத்து ஊரான தாழ்வுபாட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஜெனோஜன், படகு இயந்திரம் திருத்துகிறவன். குடிப்பழக்கம் இல்லை. தாய் அருளம்மா வாய் ஓயாமல் செபமாலை சொல்கிற மனிசி, ஆனால் மனம் நல்லது. கலியாணத்துக்குப் பிறகு பிறின்சி அங்கே போய்விடுவாள். "வெள்ளிக்கிழமையில வந்து வாசிப்பன் அக்கா," என்றாள். வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பொறாமை. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று. வழக்கமாக அந்த நேரத்தில் எல்லோரும் பொண்ணின் சட்டையைத்தான் பார்ப்பார்கள். இரண்டாம் ஓலை வாசித்தபோது, கடமை என்ற சொல் எனக்கென்றே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டேன். வலிப்பைச் சொல்லியிருந்தாலே கலியாணம் நின்றிருக்கும். ஆனால் அது தகப்பனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விசயம். சொன்னது யார் என்று பிறின்சி உடனே அறிந்துவிடுவாள். அவள் என்னை வெறுக்காமல் கலியாணம் நிற்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

அவள் கொப்பியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவள். அன்று பூசை முடிந்து எல்லோரும் அவளைச் சுற்றி நின்றபோது, பையிலிருந்து எடுத்துக்கொண்டேன். வீட்டில் வைத்து முதல் தாளைக் கிழித்தேன். கதை என்று காட்டுகிற அத்தியாயத் தலைப்புகள் இருந்த இடங்களைக் கத்தரியால் வெட்டினேன். துணி வெட்டுகிற கை, வெட்டியது தெரியவில்லை. திங்கட்கிழமை தாழ்வுபாட்டுக்குப் போய், கோயில் வாங்கில் கிடந்தது என்று சொல்லி அருளம்மாவிடம் கொடுத்தேன். நான் தந்ததாகச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

ஒரு பக்கத்தை நானே விரித்து வாசித்துக் காட்டினேன். 'என் தோளில் அவனுடைய அடையாளம் இருக்கிறது. கழுத்தில் யார் தாலி கட்டினாலும் நான் அவனுக்கு உரியவள்.' அருளம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "ரீச்சர், இது ஆம்பிளையோ, வேற ஏதுமோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். இந்தக் கதைகளை என்னைப்போல் தெரிந்தவர் மன்னாரில் இல்லை என்று தொடக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அவர்கள் கலியாணத்தை நிறுத்துவார்கள் என்றுதான் நான் கணக்குப் போட்டேன். அருளம்மா அப்படிப்பட்டவர் இல்லை. "தாயில்லாப் பிள்ளை ரீச்சர். நாங்களும் கைவிட்டால் அது எங்க போகும்? சுகப்படுத்தித்தான் வீட்டுக்கு எடுப்பம்," என்றார். புதன்கிழமை இரண்டு பெண்களோடு வந்து பிறின்சியின் தோளைத் திறந்து பார்த்தார்கள். பிறை இருந்தது. அதற்கு மேல் அவள் சொன்ன எதையும் யாரும் கேட்கவில்லை. கதை எழுதினேன் என்று அழுதாள். முதல் தாள் இருக்கிறது, பாருங்கோ என்றாள். அவர்கள் பார்த்தார்கள், இல்லை. நான் கதவடியில் நின்றேன். "அக்கா, நீங்கள் சொல்லுங்கோவன்," என்றாள். இது கலியாண வீட்டுக்காரர் விசயம், நான் தலையிடக்கூடாது என்றேன்.

பாலம் தாண்டி, வயற்காட்டுப் பக்கம் எமிலியானுசின் செபவீடு. பேய் ஓட்டுவதற்கு அன்றே அவளை அங்கே கொண்டுபோனார்கள். ஒன்பது நாள் ஒருசந்தி, தண்ணீரும் செபமும் மட்டும். போனை வாங்கி வைத்துவிட்டார்கள். யாகப்பர் என்னிடம் ஓடி வந்தார். வலிப்பைச் சொன்னால் சம்பந்தம் போய்விடும், சொல்லாவிட்டால் குளிசை போகாது. "நீங்கள் செபிக்கப் போறமாதிரிப் போய்க் குடுத்திட்டு வாங்கோ ரீச்சர். உங்களை மறிக்கமாட்டினம்," என்றார். ஓம் என்றேன். அவர் நிம்மதியாகப் போனார்.

வியாழக்கிழமை தைக்க வேண்டிய உடுப்பு இருந்தது. வெள்ளிக்கிழமை போனேன். குளிசை கைப்பையில் இருந்தது, ஒரு முழு அட்டை. கொடுக்கத்தான் போனேன், இதை நீங்கள் நம்ப வேண்டும். பாயில் இருந்தாள். உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "குளிசை கொண்டு வந்தனீங்களோ அக்கா? கை கொஞ்சம் உதறுது," என்று காதுக்குள் கேட்டாள். நான் பையைத் திறந்தேன். அப்போது அவள் சொன்னாள்:

"நேற்று ஜெனோஜன் வந்தவர் அக்கா. கொப்பியை முழுக்க வாசிச்சிட்டாராம். இது கதை எண்டு வாசிக்கேக்கயே விளங்கிற்றாம். அம்மாவின்ர மனம் ஆறட்டும், ஒன்பது நாள் பொறு எண்டவர். பிறகு என்ன நடக்குது எண்டு கேட்டு ஒரே கரைச்சல். மிச்சத்தைக் கலியாணத்துக்குப் பிறகு தனக்கு எழுதி வாசிச்சுக் காட்டட்டாம்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. நான் பையை மூடினேன். "குளிசையை மறந்து வந்திட்டன் பிள்ளை. நாளைக்குக் கொண்டு வாறன்," என்றேன். "மறக்காதேங்கோ அக்கா," என்றாள். நான் மறக்கவில்லை. சனிக்கிழமை முழுவதும் அது நினைவில் இருந்தது. யாகப்பர் கேட்டபோது, கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

ஞாயிறு காலை மூன்றாம் ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை. நான் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பை முடித்துவிட்டு வந்து சமைத்தேன். மூன்று மணி போல செபவீட்டிலிருந்து அருளம்மா போன் எடுத்தார். இந்த அழைப்பைப் பற்றி அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். என்னை இதற்குள் இழுப்பது பாவம் என்று நினைத்திருப்பார்.

"ரீச்சர், பிள்ளைக்கு உடம்பெல்லாம் முறுக்குது, நிக்குதில்லை. கால் மணித்தியாலமாச்சு. எமிலியானுஸ் அண்ணர் பேய் போற நேரம் எண்டுறார். எனக்குப் பயமாக் கிடக்கு. ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமோ? நீங்கள் படிச்ச மனிசி, சொல்லுங்கோ."

பின்னால் அவர்கள் பாடுகிற சத்தம் கேட்டது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். டொக்டர் சொன்ன ஐந்து நிமிடம் நினைவுக்கு வந்தது. அருளம்மா வண்டி பிடிக்கத் தயாராக நின்றார், என் வாயிலிருந்து ஓம் என்ற ஒரு சொல் போதும்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. போகேக்க அப்பிடித்தான் முறுக்கும். செபத்தை விடாதேங்கோ," என்றேன்.

நாற்பது நிமிடத்துக்குப் பிறகு ஜெனோஜன் போன் எடுத்தான். அழுதான்.

ஆகவே அருளம்மாவை விட்டுவிடுங்கள். எமிலியானுஸ் அறியாமையில் செய்தார். நான் அறிந்து செய்தேன். நாவல் வாசித்துக் கெட்டுப்போன மனிசி என்று யாராவது சொன்னால் அதையும் எழுதாதீர்கள். அவளைத் தவிர, கதை எது, வலிப்பு எது என்று இரண்டும் தெரிந்திருந்தவள் நான் ஒருத்திதான். கதவடியில் ஒரு தரம், பாயடியில் ஒரு தரம், போனில் ஒரு தரம், மூன்று தரம் அவளைக் காப்பாற்ற எனக்கு முடிந்தது. மூன்று தரமும் நான் மாட்டேன் என்றேன்.

யாகப்பர் இன்னும் எனக்கு மீன் கொண்டுவந்து தருகிறார். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்குகிறேன். பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனத்துக்கு நான் இன்னும் போகவில்லை. அதற்கு மனஸ்தாபம், செய்த பாவத்துக்கு உண்மையாக வருந்துகிற மனம், வேண்டும் என்று நானே பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். எனக்குத் துக்கம் நிறைய இருக்கிறது ஐயா, செவ்வாயும் வெள்ளியும் அழுகிறேன். ஆனாலும் அவள் உயிரோடு தாழ்வுபாட்டு வீட்டில் இருந்து, அந்தக் கதையின் மிச்சத்தை ஜெனோஜனுக்கு வாசித்துக் காட்டுவதாக நினைத்துப் பார்த்தால், எனக்கு முதலில் வருவது கோபம்தான்.