முந்தி வந்த பதில்

கேள்வி வருவதற்கு முன்பே நான் பதிலைச் சொல்லிவிட்டேன். நடந்தது அவ்வளவுதான் அதிகாரியம்மா. மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தவை. எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஏரிக்கரை ஊரான பாலிக்சியில் காற்று அடங்கிய நாளில் டிவியில் வினாடி வினா தெரியும். அடிக்கிற நாளில் கோடுகள் தெரியும். எது தெரிந்தாலும் எங்கள் வீட்டில் ஆட்டம் உண்டு. கீழ்வீட்டு எர்மெக், ரயில்வேக்காரன், சாயங்காலமானால் மாடியேறி வந்துவிடுவான். டிவியில் இருப்பவர்களை முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். தோற்றவன் தேநீர் ஊற்ற வேண்டும். வருஷக்கணக்கில் எனக்கு ஊற்றியவன் அவன். "அகாடமிக் அண்ணே" என்பான், பேரறிஞர் என்று அர்த்தம். எட்டாவதோடு பள்ளியை விட்டு, கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட்டே ஓய்வு பெற்ற என்னைச் சந்தையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒருவருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

கூரையில் வீட்டு டிஷ் போக, புகைபோக்கிக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் எனக்கு இன்னொரு சின்ன டிஷ் இருக்கிறது. ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் நமக்கு முன்பே பொழுது சாயும். அவர்களுக்குப் போகும் அதே நிகழ்ச்சியை அது மத்தியானமே பிடித்துத் தந்துவிடும். மனைவி சோனுன் சந்தையில் புகைமீன் விற்கிற நேரத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்துவிடுவேன். ஏமாற்று என்று எழுதாதீர்கள். முன்கூட்டிப் படிப்பதுதான்.

அன்று நாக்கு முந்திக்கொண்டது. டிவிக்காரர் கேள்வி உறையைக் கிழிப்பதற்குள் "ஒட்டகச்சிவிங்கி" என்றேன். அதன் பிறகுதான் கேள்வி வந்தது. பதில் ஒட்டகச்சிவிங்கிதான்.

"அடேங்கப்பா! அண்ணனுக்கு இனிமே கேள்வியே வேண்டாம் போலிருக்கே," என்றான் எர்மெக்.

"பலகாரம் ஆறுது, எடுத்துக்கோங்க," என்றாள் சோனுன், யாரையும் பார்க்காமல்.

எர்மெக் என் கிண்ணத்தைத் தளும்பத் தளும்ப நிரப்பினான். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத்தில் விருந்தாளிக்கு மரியாதை என்றால் அரைக் கிண்ணம்; முழுக் கிண்ணம் என்றால் எழுந்து போ. என் வீட்டில், என் கிண்ணத்தில். கிண்ணத்தை விட்டு என் கண் எழவேயில்லை.

கிளம்பும்போது சொன்னான்: "காத்து பேயாட்டம் அடிக்குது. நாளைக்கு மத்தியானம் கூரைக்கு ஏறி டிஷ்ஷைப் பார்த்துடுறேன்."

"எந்த டிஷ்ஷை?"

"எல்லாத்தையும்தாண்ணே."

படுத்தேன், தூங்கவில்லை. சந்தையில் என் பெயரைச் சொல்லிச் சிரிப்பது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கூரைக்குப் போகும் இரும்பு ஏணி என் சமையலறை ஜன்னலை ஒட்டித்தான் போகிறது. காலையில் கையை நீட்டி நட்டுகளைத் தளர்த்தினேன். கழற்றவில்லை, அதைக் கவனித்து எழுதுங்கள். ஏணி ஆடினால் பயந்து இறங்கிவிடுவான் என்றுதான். துருவேறிக் கிடந்ததால் கொஞ்சம் எண்ணெயும் விட்டேன்.

மத்தியானம் எர்மெக் ஏறும்போது ஜன்னல் கண்ணாடியைத் தட்டினான். "அண்ணே, இன்னைக்கு நீங்க டீ போட்டு வையுங்க!" நான் தலையாட்டினேன். நல்ல பையன், அதை எப்போதும் சொல்வேன்.

ஏணி சரிந்த சத்தம் கேட்டபோது டிவியில் கடைசிக் கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. பதில் வந்த பிறகுதான் கீழே போனேன். பாதியில் விட்டுவிட்டால் சாயங்காலம் அவனிடம் என்ன சொல்வது?

இப்போது என் பங்குக்கு ஒரு கேள்வி. இதற்குத்தான் எனக்குப் பதில் தெரியாமல் பயமாக இருக்கிறது. அந்தச் சின்ன டிஷ்ஷை அவன் கண்டுபிடித்துவிட்டானா, இல்லையா? அவனைக் கேட்க இனி வழியில்லை. சோனுனைக் கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வக்கீல் தோளைக் குலுக்குகிறார். நீங்களாவது நேராகச் சொல்லுங்கள்.

அதிகாரியம்மா பேனாவை மூடி வைத்தார்.

"ரொம்ப நாளாவே தெரியும் ஐயா. அவருக்கும் தெரிஞ்சிருந்தது, உங்க வீட்டம்மாவுக்கும் தெரியும். அன்னைக்குச் சிரிப்பை அடக்க முடியாமதான் அவர் கை ஆடி, கிண்ணம் நிரம்பிடுச்சுன்னு உங்க வீட்டம்மா சொல்றாங்க. அவர் பையில கட்டுக்கம்பி இருந்தது. காத்துல அந்தச் சின்ன டிஷ் திரும்பிட்டா அண்ணன் தோத்துடுவாரேன்னு, அதை இறுக்கிக் கட்டத்தான் ஏறினாரு."