உக்காராதவ வீடு

கேளுங்க மக்கா. தேரி மணல்ல சைக்கிளு உருளாத காலம். ஆலடிவிளைன்னு ஒரு ஊரு. அங்க வெயிலுகந்தான்னு ஒருத்தி இருந்தாளாம். பனம்பதனியைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிறவ. எனக்குப் பூட்டி.

அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிஞ்ச மறுநா. முந்தின நா வச்ச கெடாக்கறி அண்டாவுல மிச்சம் கெடந்துச்சு. கோடைகாலம். சூடுகூடப் பண்ணாம விடிஞ்சதும் பழைய சோத்துக்கு ஊத்தி ஊருக்காரங்க தின்னுட்டாங்க. வெயிலுகந்தா மட்டும் பதனி அடுப்பை விட்டு வர முடியாம திங்கலை.

பொழுது உச்சிக்கு வரலை. ஒருத்தன் வயித்தைப் பிடிச்சான். அடுத்தவன் வாந்தி எடுத்தான். அப்புறம் வாந்தியும் பேதியுமா முப்பது பேரு. அவ மக, ஆறு வயசுப் பூங்கனியும் அதுல ஒருத்தி. எல்லாரையும் கொடைப் பந்தல்ல வரிசையாப் படுக்கப் போட்டாங்களாம்.

கொழுந்தன் தவசி புளியைக் கரைச்சுக் கொண்டு வாரான். "மயினி, மூக்கைப் பிடிச்சு ஊத்துவோம். மிச்சமும் வெளிய வந்துரும்."

"வாரது தன்னால வருது. நீ வேற இழுத்துப் போடாத. இப்பப் போறது உடம்புத் தண்ணி. அதைத்தான் உள்ள விடணும்."

தண்ணியைக் கொதிக்க வச்சு ஆத்துனா. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கருப்பட்டி போட்டா. தேங்காச் சிரட்டையில மோந்தா. ஒரு மடக்கு, அடுத்த ஆளு. ஒரு மடக்கு, அடுத்த ஆளு. கடைசி ஆளுக்குக் குடுத்து முடிக்கையில மொத ஆளுக்கு நாக்கு வறண்டுரும். மறுபடி நடப்பா.

"எம்மா, செம்போட தாம்மா"ன்னா பூங்கனி.

"செம்போட குடிச்சா செம்போட வெளிய வரும் மக்கா. இந்தா, ஒரு மடக்கு."

"எங்கிட்ட உக்காரும்மா."

வாரேன் வாரேன்னு சொல்லிக்கிட்டே அடுத்த பாய்க்குப் போயிட்டாளாம்.

நாலஞ்சு சுத்து போயிருக்கும். பூங்கனிக்குக் கண்ணு குழி விழுந்துட்டு. காலையிலேருந்து ஒண்ணுக்குப் போகலை. கூப்பிட்டா முழிக்கலை. பக்கத்துப் பாயில கெடந்த கெழவரு, சங்கிலிப் பாட்டாவும் அப்படியே.

"இது எங்கையில நிக்காது. வண்டியைப் பூட்டு தம்பி. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போ."

"பெத்தவ நீயும் ஏறு மயினி."

ஒரு காலைத் தூக்கி வண்டியில வச்சாளாம். பந்தலுக்குள்ள ஆரோ தண்ணி தண்ணின்னு முனகுறது கேட்டுச்சு. காலை எறக்கிட்டா.

"ரெண்டு பேரும் ஒருக்களிச்சே படுக்கட்டும். முழிக்கலைன்னா வாயில எதுவும் ஊத்தாத, பொரையேறிரும்."

வண்டி போயிட்டு. இவ நடந்தா. ஒவ்வொரு சுத்துக்கும் பாதையைப் பாத்தா. வண்டி வருதா? வரலை. வண்டி வருதா? வரலை.

பொழுது அடையுற நேரம் வண்டி வந்துச்சு. வெறும் வண்டி. பாத்தா. நிக்கலை. அடுத்த ஆளுக்கு ஒரு மடக்கு குடுத்தா.

"மயினி, நில்லு."

"சொல்லு. கேட்டுக்கிட்டேதான் நடக்கேன்."

"பூங்கனிக்கு நரம்பு வழியா மருந்துத் தண்ணி ஏத்தியிருக்கு. கண்ணைத் தொறந்துட்டா. எங்கம்மா எங்கன்னு கேட்டா."

"பாட்டா?"

"பாட்டா வழியிலயே போய்ச் சேந்துட்டாரு மயினி."

அப்பத்தான் உக்காரப் போனாளாம். முட்டி மடங்கலையாம். நின்னபடியே பந்தக்காலைக் கட்டிக்கிட்டு அழுதாளாம்.

அதுலேருந்து எங்க ஊருல கொடைக்கறி மிஞ்சுனா அன்னைக்கே குழி தோண்டி மூடிருவாங்க. பந்தியில கடைசி எலை எடுக்கிறவரைக்கும் எங்க வீட்டுப் பொம்பளை ஒருத்தி உப்புக் கருப்பட்டித் தண்ணியோட சுத்தி வரணும். அதனாலதான் எங்க வீட்டுக்கு உக்காராதவ வீடுன்னு பேரு. போன கொடைக்கு எம்மருமக நடந்தா. காலு வீங்கிட்டு. ஊரே உக்காரச் சொல்லிச்சு. அவ உக்காரலை.