‘புதுமேனி’யில் இல்லாத ஆறு தாள்கள்

மேடையில் நடுநாயகமாக அமர்ந்திருக்கும் பதிப்பக முதலாளி அவர்களே! அவருக்குப் பக்கத்தில், இப்போது மூன்றாவது முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் படநிறுவன உரிமைப் பிரிவு அதிகாரி அவர்களே! கீழே நாற்காலி போதாமல் புத்தகக் கட்டுகளின்மேல் உட்கார்ந்திருக்கும் பக்க வடிவமைப்பாளர்களே, பைண்டிங் பிரிவு நண்பர்களே, வாசகர்களே! முதல் வரிசையில் இருக்கும் மறைந்த எழுத்தாளரின் மகளே! அனைவருக்கும் வணக்கம்.

“ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள், நல்லதை மட்டும் பேசுங்கள்” என்று படியேறும்போதே என் காதில் போட்டார்கள். நல்லதை மட்டும் பேசுகிறேன். நேரத்துக்கு நான் பொறுப்பில்லை.

முதலில் இந்தப் படம். என் பின்னால் ஆளுயரத்துக்கு நிற்கிறதே, இதில் இருப்பவர் யார்? நம் எழுத்தாளரா? அவருடைய காதுக்குக் கீழே தொடங்கித் தோள் வரைக்கும் இறங்குமே ஒரு தழும்பு, சின்ன வயதில் கொதிநீர் கவிழ்ந்து வந்த தழும்பு, அது எங்கே? வாசலில் அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “யாரு மாமா இது?” என்று கேட்டாள். நான் முதலாளியிடம் கேட்டேன். “நல்லா இருக்கட்டுமேன்னுதான் சரி பண்ணச் சொன்னேன் சார்” என்றார். சரி பண்ணினாராம்! பத்தொன்பது ஆண்டுகள் அந்த முகத்தை நேரில் பார்த்தவருக்கு, அவர் செத்த பிறகுதான் அதில் குறை தெரிந்திருக்கிறது!

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். படநாவல் என்பது கூலி வேலை. படநிறுவனம் திரைக்கதையைக் கொடுக்கும். படம் வெளியாகும் அன்று அதே கதை நாவலாகக் கடையில் இருக்க வேண்டும். எழுதக் கிடைப்பது மூன்று வாரம். மூன்று வாரத்தில் நான் ஒரு கடிதத்தைக்கூட ஒழுங்காக எழுதி முடித்ததில்லை. அவர் முப்பத்தொரு நாவல் முடித்தார். அதனால்தான் அலுவலகம் முழுக்க அவரை ‘மூணுவார அக்கா’ என்று கூப்பிட்டது. எந்த இலக்கியக் கூட்டமாவது அவரை அழைத்ததா? எந்தப் பத்திரிகையாவது அவரைப் பற்றி நான்கு வரி போட்டதா? அட்டையில்கூட நடிகரின் மூக்குக்குக் கீழே எறும்பு அளவில்தானே அவர் பெயர் இருந்தது!

ஒருமுறை படப்பிடிப்பின் பாதியில் கதாநாயகனை மாற்றிவிட்டார்கள். ஆறடி ஆள் போய் ஐந்தடி ஆள் வந்தார். நாவலோ அச்சுக்குப் போக நான்கு நாள். அவரும் மெய்ப்புத் திருத்தும் நானும் ஒரு மேசையில் உட்கார்ந்து, ‘குனிந்தான்’ என்று வரும் இடத்தையெல்லாம் ‘நிமிர்ந்தான்’ என்று மாற்றினோம். அறுபத்தோரு இடம்! ஒன்றை மட்டும் நான் விட்டுவிட்டேன். எண்பத்தெட்டாம் பக்கத்தில் அந்தக் குட்டை மனிதர், தன்னைவிட உயரமான காதலியை முத்தமிடக் குனிகிறார். “போகட்டும்ணே, ஏதாவது படிக்கட்டுல நின்னிருப்பாரு” என்று சொல்லிச் சிரித்தார் அக்கா. என் பிழைகளை அவர் அப்படித்தான் மூடினார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ‘புதுமேனி’க்கு வருகிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வந்த படம். அதில் ‘வார்ப்பறை’ என்று ஓர் இயந்திரம். கூன், குருடு, நரை, தழும்பு எதுவோடு உள்ளே போனாலும், பழுதே இல்லாத உடம்போடு வெளியே வரலாம். கதாநாயகிக்குக் கழுத்தில் ஒரு தழும்பு. உள்ளே போகிறாள், வெளியே வருகிறாள், கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறாள். படம் முடிந்தது. கைதட்டல்!

அக்கா அங்கே நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு இருபத்திரண்டாம் அத்தியாயம் என்று ஆறு தாள் எழுதினார். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தவள் வீட்டுக்குப் போகிறாள். குழந்தையைத் தூங்க வைக்கிறாள். தினமும் அம்மாவின் தழும்பில் விரலை வைத்துக்கொண்டுதான் அந்தக் குழந்தை தூங்கும். அன்று விரல் தேடுகிறது. வழவழவென்று இருக்கிறது கழுத்து. குழந்தை வீறிட்டு அழுகிறது. அவள் மறுபடியும் வார்ப்பறைக்கு ஓடி, “என் தழும்பைத் திருப்பிக் கொடுங்கள்” என்று கேட்கிறாள். “குறையை வார்க்க எங்களிடம் அச்சு இல்லை” என்கிறான் அங்கிருப்பவன்.

என்ன எழுத்து ஐயா அது! மற்ற இருபத்தோரு அத்தியாயமும் கூலிக்கு எழுதியது. அந்த ஒன்றுதான் அவர் எழுதியது. அது புத்தகத்தில் இல்லை. வெட்டிவிட்டார்கள்.

போன புதன்கிழமை அவர் மகள் படநிறுவன அலுவலகத்துக்குப் போனாள். “உன்னைப் பத்தி ஒரு அத்தியாயம் எழுதுனேன், வெட்டிட்டாங்க” என்று அம்மா சொன்னது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். படிக்க ஒரு பிரதி கேட்டாள். அதிகாரி அவர்களே, நீங்கள் என்ன சொன்னீர்கள்? “அது நிறுவனத்தோட சொத்தும்மா. எழுதினது மட்டும்தான் உங்க அம்மா” என்றீர்கள். வாய் கூசவில்லையா உங்களுக்கு?

அங்கிருந்து நேராக என் மேசைக்கு வந்தாள். அழவில்லை. “எந்தப் பாவி மாமா அத வெட்டுனது?” என்று கேட்டாள். நான் தண்ணீர் குடித்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

அம்மா, விசாரித்துவிட்டேன். நான்தான்.

மெய்ப்புத் திருத்துபவன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. திரைக்கதையையும் நாவலையும் அருகருகே வைத்து, ஒத்துப்போகாததையெல்லாம் எழுதி, முரண் பட்டியல் என்று படநிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். ‘அத்தியாயம் 22 திரைக்கதையில் இல்லை’ என்று என் கையால் எழுதி அனுப்பினேன். அந்த நிறுவனத்தில் எவரும் நாவலைப் படிப்பதில்லை, பட்டியலைத்தான் படிப்பார்கள்! நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த ஆறு தாளும் அப்படியே அச்சாகியிருக்கும். ‘குனிந்தான்’ கண்ணில் படாத எனக்கு, இது மட்டும் பட்டுத் தொலைத்தது! ‘நாயகியின் முழுமை கெடுகிறது, நீக்குக’ என்று மறுநாளே பதில் வந்தது. சிவப்பு மையால் ஆறு தாளிலும் குறுக்கே கோடு போட்டேன்.

அக்கா என் மேசைக்கு வந்து கோடுகளைப் பார்த்தார். “நீங்கதானாண்ணே?” என்றார்.

“என் வேலை அதும்மா” என்றேன்.

“வேலையச் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. அதாண்ணே வயிறு எரியுது” என்றார். பிறகு என் பேனாவையே வாங்கி, அங்கேயே உட்கார்ந்து, கண்ணாடிச் சிரிப்போடு புத்தகம் முடியும்படி கடைசிப் பக்கத்தை எழுதிக் கொடுத்தார். “இந்தாங்க. சிரிக்க வெச்சாச்சு.”

ஒன்பது ஆண்டுகள் ஆயிற்று. என்னைக் காட்டிக்கொடுத்தாரா? இல்லை! பெற்ற மகளிடமாவது என் பெயரைச் சொன்னாரா? இல்லை! அதன் பிறகும் என்னை “அண்ணே” என்றுதான் கூப்பிட்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது படத்தின் இரண்டாம் பாகம் வருகிறது. அதற்காக ‘புதுமேனி’க்கு நினைவுப் பதிப்பு போடுகிறார்களாம். யார் நினைவுக்கு? கடைசி மெய்ப்பு திங்கட்கிழமை என் மேசைக்கு வந்தது. அதே கண்ணாடி, அதே சிரிப்பு. ‘அச்சுக்குப் போகலாம்’ என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டால்தான் எங்கள் பதிப்பகத்தில் எந்தப் புத்தகமும் இயந்திரம் ஏறும். நாளைக் காலை போட வேண்டுமாம்.

போட மாட்டேன்! முதலாளி அவர்களே, வேறு ஆளைப் பிடித்துப் போட வைப்பீர்கள், தெரியும். நாளையோடு என் வேலையும் போகும், தெரியும். இருக்கட்டும். அவருடைய பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசிய நால்வரும் உறுதி எடுத்தார்கள். எந்தப் பணியை? வெட்டுவதையா? என் உறுதி வேறு. அந்த ஆறு தாளும் ஒன்பது ஆண்டுகளாக என் மேசையின் அடி அறையில் இருந்தன. இதோ, என் கையில் இருக்கின்றன.

அதிகாரி அவர்களே, மைக்கை அணைக்கச் சொல்லிக் கண் காட்டுகிறீர்கள். அணைக்கட்டும். நாற்பது பேர் இருக்கும் அறைக்கு என் தொண்டை போதும். வழக்குப் போடுவதானால் என்மீது போடுங்கள்.

அம்மா, நீ இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து உட்கார். இது உன் அம்மா உனக்காக எழுதியது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிகிறது. வாசிக்கும்போது நான் எங்காவது தடுமாறினால் அது என் பிழை. அவர் எழுதியதில் திருத்த ஒன்றும் இல்லை. அன்றைக்கும் இருக்கவில்லை.