கிணற்றைத் தாண்டி நின்ற ஆட்டம்

1998 நவம்பர் 8, ஞாயிறு, காலை ஏழே கால். விட்டுவிட்டுத் தூறல். ஆம்பூரில் வேலூர் பஸ் ஏறினேன். பள்ளிகொண்டாவில் இறங்க வேண்டும். முன் சீட்டில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் இளைஞர்கள் இருவர்.

“ஆறு நாளா டிவிய அணைக்கலியா சலீமு? உங்கம்மா கத்தலியா?”

“வீடியோ கேமுடா குமாரு. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறப்ப அண்ணன் பாதியில நிறுத்தி வெச்சிது. அணைச்சா முதல்லேர்ந்து ஆடணும், வந்து முடிக்கிறேன்னு சொல்லிட்டுப் போச்சு.”

“எது வரைக்கும்?”

“பாழுங்கெணறு தாண்டி, மூணாவது கோட்டை. நேத்து கரண்ட் போய்டுச்சு.”

“அய்யோ! அந்தக் கெணத்துலயே நான் எத்தன தடவ செத்திருக்கேன்!”

“அண்ணன் உன்னவிட ஜாஸ்தி செத்துது.”

மாதனூர் தாண்டித்தான் குமார் அடுத்துக் கேட்டான்.

“நாளைக்குத்தானே ஹார்ட் ஆபரேஷன்? கரண்ட் போனத சொல்லாதே.”

“மொத கேள்வியே அதான் கேக்கும். பொய் சொன்னா என் மூஞ்சிய பாத்தே கண்டுபிடிச்சிடும்.”

“அப்ப சொல்லிட்டு, கெணத்துல எந்தச் செவுர ஒடைக்கணும்னு கேளு. நாம ஆடி, அதே எடத்துல நிறுத்தி வெப்போம்.”

“மனசு ஒடஞ்சிட்டா?”

“நீ கெணத்துல போய் மாட்டிக்கறத நெனச்சாவது சிரிக்கும்.”

பள்ளிகொண்டா வந்தது. சலீமின் பதிலைக் கேட்காமல் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. வேலூரில் இறங்கும்போதுதான் சொன்னான்.

“ஒரு பேப்பரு வாங்குடா. வழிய அண்ணனே வரஞ்சு குடுக்கட்டும்.”

வேலூர் வரை போகவும் பள்ளிகொண்டாவுக்குத் திரும்பவும் எனக்குக் கூடுதலாக ஆனது பத்து ரூபாய்.