உள்ளே மணி என்ன?

— வாயத் தொறக்காதய்யா, தர்மாமீட்டரு கீழ வுழுந்து ஒடஞ்சிடும். இன்னும் ஒரு நிமிசம்.

— ம்ம்.

— மொறைக்காத. நாலு மணிக்குள்ள ஃபாரம் குடுக்கணும்னு சொன்னது நீ. நிரந்தர நைட்டு ஷிப்டு இந்த ஒடம்புக்கு ஒத்துக்குமான்னு பாக்காம எப்டி கையெழுத்துப் போடுவ? போதும், குடு இங்க.

— எவ்ளோ கீது?

— தொண்ணூத்தேழு சொச்சம். பட்டப்பகல் ரெண்டரை மணி, தலைக்கு மேல சிமெண்ட் சீட்டு, அனலா அடிக்குது. அப்பவும் உள்ள எறங்கிக் கீது. யோவ், உன் ஒடம்புக்கு இப்ப நடு ராத்திரிய்யா!

— இன்னாம்மே ஒளற்ற? நடு ராத்திரியில எவனாச்சும் இப்டி வேர்த்து ஊத்துவானா?

— வேர்வ வேற, உள்சூடு வேற. கடைக்குக் கவரு ஒட்டறப்ப ஒரு பழைய பேப்பரு வந்துச்சில்ல, அதுல போட்டிருந்தான். ரஷ்யாக்காரன் வானத்துல பூமியச் சுத்திக்கினே இருக்க ஒரு கூடு கட்டி வுட்டுகீறான். அதுல கீறவங்களுக்கு ஒன்ற மணிக்கு ஒருக்கா சூரியன் வந்துட்டுப் போவுதாம். ஒரு நாளைக்குப் பதினாறு விடியல்!

— அடேங்கப்பா! பதினாறு தபா பல்லு வெளக்குவானா?

— கிண்டலு? தூக்கம் கெட்டு அலையறாங்களாம். நம்ம ஒடம்பு ராத்திரியானா ஒரு டிகிரி எறங்கும், அப்பதான் நல்லா தூக்கம் வரும். எப்ப எறங்குதுன்னு பாத்தா, உள்ள மணி இன்னான்னு சொல்லிடலாம்.

— அங்க ஜில்லுனு இருக்குமே, எறங்காம இன்னா?

— எங்க? சூடான காத்து ஏறிப் போவாதாம், மேலு கீழுன்னு ஒண்ணு இல்ல பாரு. ஆளச் சுத்தியே நிக்கும். வேர்வையும் சொட்டாது, தோல்லயே ஒட்டிக்கினு கெடக்கும். ஃபேன் நின்னா, தூங்குறவன் வுட்ட மூச்சு அவன் மூஞ்சிக்கிட்டயே நிக்குமாம்.

— கரண்டு போனா நம்ம ஊடு மாரி.

— அதான் ஜன்னல மூடி, கீழ பூமியில மணி இன்னாவோ அதும்படி வெளக்கப் போட்டு அணைக்கிறாங்க. நானும் உனுக்கு ஜன்னல்ல கறுப்புப் பொடவையத் தொங்கவுட்டேன்.

— அதுக்கா? நான் பக்கத்து ஊட்டு நாகம்மாவுக்கு மறைக்கிறன்னு நெனச்சேன்.

— நான் சூடு குறிச்சி வெச்ச காலண்டரப் பாரு. மொத நாளு விடிகால நாலு மணிக்குக் கம்பெனியில உன்கூட வேல செய்யற சுலைமான் பாய் பாத்துச் சொன்னது, தொண்ணூத்தேழு. அன்னிக்குதானே பிரஸ் மிஷினு முன்னாடி கண்ணசந்த?

— குணசேகரன் மேஸ்திரி கையப் புடிச்சி இழுக்கலன்னா, நாலு வெரலும் போயிருக்கும்.

— அதச் சொல்லாத. சோதனைக்குன்னு வாரம் மாத்தாம நைட்டே போட்டு இன்னிக்குப் பன்னெண்டாம் நாளு. அதே நாலு மணிக்குத் தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. எறங்குறது பகல்லதான். உன் ஒடம்பு திரும்பிடுச்சிய்யா!

— அப்ப மிஷினு முன்னாடி தூங்கி வழியமாட்டேன்?

— மாட்ட. ஒரே ஷிப்டா இருந்தா. வாரா வாரம் மாத்திப் போட்டதுதான் வம்பு.

— எல்லம்மா, நீ டாக்டரும்மே! பேனாவ எடு. ஆமா, ஒரு டவுட்டு. மேல கீறவனுக்கு மணி பாக்க, கீழ ஒருத்தன் முழிச்சிக்கினே இருக்கணுமே. அவன் எப்பத் தூங்குவான்?

— தெரியல. அந்தப் பக்கத்த கவரு ஒட்டிட்டேன், கடலைக் கடைக்குப் போயிடுச்சி.

— சரி வுடு. இன்னாது, காலண்டர்ல ரெண்டாவது வரிசை? யாருது?

— என்னுதுதான். பக்கத்துல வெச்சிப் பாக்க ஒரு சாதா ஆளு வேணும்ல?

— ராத்திரி பன்னெண்டு, ரெண்டு, நாலு... தெனமும் எழுதிக் கீறியே. அந்நேரத்துல முழிச்சிக்கினு இன்னா பண்ண?

— தூக்கம் வரல. நாலு மணியானா உன் வெரலுதான் ஞாபகம் வருது.

— பகல்ல தூங்குனியா?

— நீ தூங்கறப்ப ரெண்டு மணிக்கொருக்கா உன் கக்கத்துல வெச்சி எடுக்கணுமே. அப்புறம் சோறு, கவரு. நடுவுல அப்பப்ப கண்ணசருவேன்.

— பன்னெண்டு நாளாவா?

— அதுக்கு மின்னாடி மட்டும் இன்னா? நீ அஞ்சு மணிக்குக் கெளம்புனா மூணு மணிக்கு நான் அடுப்பு பத்தவெக்கணும். நீ நடு ராத்திரி வந்தா அதுவரைக்கும் முழிச்சிருக்கணும். பழகிப்போச்சி.

— எல்லம்மா, என்னுது ஏறுது, எறங்குது. உன்னுது பகலும் ராத்திரியும் ஒரே நம்பரு. எறங்கவே இல்லியே!

— தர்மாமீட்டரு கோளாறா இருக்கும். கையெழுத்தப் போடுய்யா. போடலன்னா மறுபடியும் வாரா வாரம் மாத்துவாங்க.

— பகல் ஷிப்டு கேக்கறேன். குடுக்கலன்னா வேற எடம் பாக்கறேன். அம்பத்தூர் எஸ்டேட்டுல கம்பெனிக்கா பஞ்சம்?

— பைத்தியமா உனுக்கு? மணி மூணாவப்போவுது—

— ஆ காட்டு. நாக்குக்கு அடியில வெச்சிக்க. பேசாத, ஒடஞ்சிடும்.

— ம்ம்! ம்ம்!

— அழுவாத. ஃபாரத்த மடிச்சி மேல வெச்சிட்டேன். உன் ஒடம்புல ஒரு ராத்திரி வர்ற வரைக்கும் நான் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன்.